பூனையும் தெள்ளு மருந்தும்

நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாக மாறுவதும் உண்டு. மக்களிடையே காணப்படும் இவ்வுண்மையை நம் இல்லங்களில் வளரும் வாயில்லாச் சீவன்களிடையேயும் காண்கிறோம். பூனையின் உடலில் குடிகொண்ட தெள்ளுப்பூச்சியை ஒழிக்க நாம் இடும் மருந்து, சில வேளைகளில் பூனையின் உயிருக்கே உலை வைத்துவிடுகிறது. இஃது எவ்வாறு நேர்கிறது, இதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பனவற்றை இன்று சிறிது சிந்திப்போம்.

தெள்ளு என்பது சிறகில்லாத, இரு பக்கமும் தட்டையான, செம்பழுப்பு நிறமுடைய சிறு பூச்சி. பூனைத்தெள்ளு என்று பெயர் பெற்ற இனமே நாய்களிடத்தும் மிகுதியாகக் காணப்படுகிறது. பெண் தெள்ளு ஒன்று நாளொன்றுக்கு 40 முட்டைகளுக்கு மேலும் இடக்கூடும். அம்முட்டைகள் பூனையின் மயிரில் ஒட்டி நில்லாமல் பாயிலும் மெத்தையிலும் தரையின் இடுக்குகளிலும் உதிர்ந்துவிடுகின்றன. அங்கே புழுவாகி, கூடு கட்டி, காலம் வாய்க்கும்போது வெளிவருகின்றன. கூட்டினுள்ளே மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றால் இயலும்.

இப்பூச்சியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாமா என்றால், கூடாது. இளங்குட்டிகளின் குருதியைத் தெள்ளுகள் உறிஞ்சிச் சோகை உண்டாக்குகின்றன. சில குட்டிகள் அதனாலேயே மாண்டுபோவதும் உண்டு. பூனை தன் உடலை நக்கும்போது தெள்ளை விழுங்கினால், அதன் வழியே நாடாப்புழு குடலில் சேர்கிறது. சில பூனைகளுக்குத் தெள்ளுக்கடியே ஒவ்வாமல், தோல் முழுதும் புண்ணாகிறது. ஆகவே மருந்து வேண்டுவதே. எம்மருந்து, எவ்வளவு, யாருக்கு என்பதில்தான் விழிப்பு வேண்டும்.

நாம் அறிந்த ஓரில்லத்தில் நாயும் பூனையும் ஒருங்கே வளர்ந்துவந்தன. நாய்க்கு மாதந்தோறும் கழுத்தில் சொட்டு மருந்து இடுவது வழக்கம். பூனையிடத்தும் தெள்ளு மிகுந்தது கண்ட அவ்வீட்டு அம்மையார், மருந்து விற்பவரிடம் யோசனை கேட்டார். “அதே மருந்துதான், அம்மா. பூனை சிறியது, பாதி போட்டால் போதும்” என்று விடை வந்தது. மாலையில் அவ்வாறே இட்டார். இரவில் பூனையின் காதுகள் துடித்தன. தோல் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. குளிர் என்றெண்ணிப் போர்வை போர்த்தினார். விடியற்காலையில் வலிப்பு கண்டது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று, இரண்டு நாள் இரவு பகலாகப் பார்த்த பின்னரே பூனை பிழைத்தது. மருந்து இட்டவரின் அன்பில் குறையில்லை. ‘பாதி போதும்’ என்ற கணக்கே பிழையாயிற்று.

அக்கணக்கு ஏன் பிழை என்பதைப் பார்ப்போம். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. செவ்வந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பைரீத்ரம் பூவில் இயற்கையாக உள்ள பூச்சிக்கொல்லியைப் பின்பற்றி, 1973-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் ஆக்கிய பொருள் இது. பூச்சியின் நரம்புகளில் சோடியம் செல்லும் வாயில்களை மூடவொட்டாமல் திறந்தே வைப்பதால், நரம்பு ஓயாது துடித்துப் பூச்சி மடிகிறது. நாயின் உடல் இப்பொருளை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. பூனையின் உடலோ அங்ஙனம் செய்ய வல்லதன்று.

இதன் காரணம் பூனையின் ஈரலில் உள்ளது. பல நச்சுப்பொருள்களுடன் குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரையும் பொருளாக்கி, வெளியேற்றும் நொதிகள் ஈரலில் உள்ளன. பூனைக்கு இத்தொழில் மிகக் குறைவு. இந்நொதிகளுள் ஒன்றை ஆக்கவேண்டிய மரபுக்கூறு பூனை இனத்தில் பழுதுற்றுக் கிடப்பதை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாவதும் இக்குறையாலேயே. பெர்மெத்ரின் பூனையின் உடலில் நெடுநேரம் தங்குவதற்கும் இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

இப்போது கணக்கிடுவோம். நூற்றுக்கு 45 பங்கு பெர்மெத்ரின் உள்ள மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 450 மில்லிகிராம் நஞ்சு உண்டு. நாலரைக் கிலோ எடையுள்ள பூனையின் மேல் அதனை இட்டால், கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிறது. பூனையின் உயிரைப் போக்க இவ்வளவே போதியதாகலாம். இரண்டு மில்லிலிட்டர் குழாயில் பாதி என்பது இந்த ஒரு மில்லிலிட்டர்தானே! நேரே இடாவிட்டாலும் இடர் நேரலாம். மருந்திட்ட நாயின் மேல் சாய்ந்து உறங்கும் பூனைக்கும், அந்நாயை நக்கும் பூனைக்கும் நஞ்சு சேரும். ஆதலின் நாய்க்கு இத்தகைய மருந்திட்டால் மூன்று நாளேனும் இரண்டையும் பிரித்து வைத்தல் நலம்.

பெர்மெத்ரின் மட்டுமன்று. நாயின் உண்ணிக்காகப் பயன்படும் அமிட்ராஸ் என்னும் கழுவு மருந்து பூனையைச் சோரச் செய்து, இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் முதலிய பயிர் மருந்துகள் வாய்நீர் பெருக்கு, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் ஆகியவற்றை உண்டாக்கும். எறும்புக்குக் கோடு கிழிக்கும் பூச்சிச் சாக்கட்டியைப் பூனையின் மயிரில் தேய்ப்பதும் கூடாது. ‘இயற்கை மருந்து’ என்ற பெயரைக் கண்டு மயங்குவதும் தவறு. கற்பூரம் கரைத்த எண்ணெய், தேயிலைமரத் தைலம் என விற்கப்படுவது, பினாயில், மண்ணெண்ணெய் ஆகியவை பூனைக்கு ஆகாதவை. தன் உடலை நாள்தோறும் நக்கித் தூய்மை செய்யும் பிராணி பூனை. அதன் மேலே பூசியது உள்ளேயும் சென்றுவிடும் என்பதை மறத்தலாகாது.

பூனைக்கென்றே செய்த நன்மருந்துகளாலும் சிறு தொல்லைகள் வருவதுண்டு. சொட்டு இட்ட இடத்தில் அரிப்பும் மயிர் உதிர்தலும் தோன்றலாம். மருந்தை நக்கினால் கசப்பினால் நுரையாக வாய்நீர் ஒழுகலாம். இவை பெரும்பாலும் தாமே தணியும். ஐசாக்சசோலின் என்னும் வகையைச் சேர்ந்த மருந்துகளால் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுக்கமும் வலிப்பும் நேர்ந்தன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. ஆயினும் அவற்றை விலக்கவில்லை. முன்னரே வலிப்புக் கண்ட பூனையாயின் மருத்துவரிடம் அதனைச் சொல்லவேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இனி, அபாயக் குறிகள். காதும் முகமும் துடித்தல், தோல் சிலிர்த்தல், தள்ளாடிய நடை, வாய்நீர் பெருக்கு, உடல் நடுக்கம், வலிப்பு என்பன. சில மணி நேரத்திலும் தோன்றலாம். ஓரிரு நாள் கழித்தும் தோன்றலாம். கண்டவுடன் தாமதியாமல் மருத்துவருக்குச் செய்தி சொல்லவேண்டும். பூனைக்கு வலிப்பு இல்லாவிடில், வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்புநீரும் கொண்டு மருந்திட்ட இடத்தைக் கழுவலாம். சுடுநீர் நஞ்சைத் தோலுள் விரைந்து ஏற்றும், குளிர்நீர் உடற்சூட்டைக் குறைத்து நடுக்கத்தை மிகுவிக்கும், இரண்டும் வேண்டா. கழுவியபின் நன்கு துவட்டித் துணியில் சுற்றிக் கொண்டுசெல்லுங்கள். வலிப்புக் கண்டிருப்பின் கழுவுவதில் காலம் போக்காமல் நேரே மருத்துவரிடம் செல்க. பாலோ எண்ணெயோ புகட்டுவதும், வாந்தி எடுக்கச் செய்வதும் தீது.

மருந்தின் உறையைத் தவறாமல் உடன் கொண்டுசெல்லுங்கள். நஞ்சுக்கு நஞ்சு சிகிச்சை வேறுபடும். மாலத்தியான் போன்றவற்றுக்கு அட்ரோபின் என்னும் மாற்று மருந்து உண்டு. பெர்மெத்ரினுக்கு நேரான மாற்று இல்லை. தசைத் துடிப்பையும் வலிப்பையும் அடக்கி, உடற்சூட்டைக் காத்து, நஞ்சு கழியும் வரை உயிரைத் தாங்கவேண்டும். காலத்தே சென்றால் பெரும்பாலான பூனைகள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுகின்றன.

வருமுன் காத்தலே சிறந்தது. பூனையின் எடையை நிறுத்து அறிந்து, அதற்குரிய மருந்தையே வாங்குக. உறையில் பூனைக்கு என்று எழுதியுள்ளதா, எவ்வளவு வயதிற்குமேல் இடலாம் என்று படித்தறிக. பூனை தன் நாவால் எட்டவியலாத பிடரியில், மயிரை விலக்கித் தோலின் மேல் இடுக. மிக இளங்குட்டிகளுக்கு நெருங்கிய பற்களையுடைய சீப்பே நல்ல மருந்து. சீவிய தெள்ளைச் சோப்புநீரில் இட்டு அழிக்கலாம். பாய், படுக்கை, துணி ஆகியவற்றை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி, தரையின் மூலைமுடுக்குகளைப் பெருக்கி வந்தால், தெள்ளின் முட்டையும் புழுவும் குறையும். மருந்தின் தேவையும் குறையும்.

பூனை சிறிய நாயன்று. அதன் உடலின் அமைப்பே வேறு. இதனை மறவாமல், உறையை ஒருமுறை படித்தபின் மருந்தைத் திறக்கும் பழக்கம் நம் இல்லங்களில் ஏற்படுமாயின், நாம் அன்புடன் இடும் மருந்து அப்பிராணிக்குத் தீங்காக முடியாது.