கையெழுத்துக்கு முன்னால் நாலு கேள்வி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் வேற விஷயம் சொல்றேன். மூணு வருஷமா ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் உறுப்பினரா இருக்கேன். "பத்தாவது படிச்ச உனக்கு டாக்டருங்க நடுவுல என்ன வேலை?"ன்னு வீட்டுக்காரரே கேட்டார்.

நோயாளிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய நினைக்கும் டாக்டர், தன் இஷ்டத்துக்குத் தொடங்க முடியாது. யாரைச் சேர்ப்போம், எவ்வளவு ரத்தம் எடுப்போம், என்ன ஆபத்து வரலாம் என்று எழுதி, ஒப்புதல் படிவத்தோடு குழுவிடம் தரணும். அனுமதி கிடைத்த பிறகுதான் முதல் நோயாளியைச் சேர்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் இருக்கணும். பாதிப் பேராவது வெளியாட்கள். தலைவரும் வெளியாள்தான். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், பொதுமக்களில் ஒருவரும் உண்டு. அந்தப் பொதுமக்களில் ஒருத்திதான் நான். நம்ம கூட்டம் மாதிரி அங்கேயும் கோரம் உண்டு. 5 பேராவது வேணும்.

முதல் கூட்டத்தில் வாயே திறக்கலை. இரண்டாவது கூட்டத்தில் சர்க்கரை நோயுள்ள பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி வந்தது. "எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு" என்று படிவத்தில் இருந்தது. "விலகிட்டா ஆஸ்பத்திரியில குடுக்கிற மாத்திரை நின்னுடுமா சார்?"னு கேட்டேன். "நிக்காதும்மா"ன்னார் டாக்டர். "அப்போ அதையும் எழுதிடுங்க. நம்ம பொம்பளைங்க அதுக்குத்தான் பயப்படுவாங்க"ன்னேன். படிவம் திரும்பிப் போய், திருத்தி வந்த பிறகுதான் அனுமதி கொடுத்தோம்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன்? என் மனசுல ஒரு உறுத்தல். நான் குழு ஊக்குநரா இருந்தப்போ, ஆராய்ச்சின்னு சிலர் ஊருக்கு வந்தாங்க. "நாப்பது பேரைக் கூட்டிட்டு வாங்கம்மா"ன்னாங்க. கூட்டிட்டுப் போனேன். எங்க குழுவிலிருந்த ஒரு பெரியம்மா, "எதுக்குடி ரத்தம்?"னு கேட்டாங்க. எனக்கே தெரியாது. ஆனா "நான் சொல்றேன்ல, குடுங்க"ன்னேன். கைநாட்டு வெச்சாங்க. முடிவு எதுவும் வரலை. இப்பவும் பார்த்தா, "என் ரத்தம் என்னடி ஆச்சு?"ன்னு கேட்பாங்க. பதில் இல்லை.

2009-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் சிறுமிகளுக்கு ஒரு தடுப்பூசி ஆய்வு நடந்தது. ஆந்திராவில் பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தது பின்னால் தெரிய வந்தது. அதைப் படித்தபோது என்னைத்தான் நினைச்சேன். நானும் அன்னைக்கு ஒரு காப்பாளர் வேலைதானே பார்த்தேன்?

ஆராய்ச்சியே வேண்டாம்னு சொல்லலை. காசநோய்க்காரங்க வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம்னு 1950-களில் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான் காட்டியது. நம்மைப் போன்ற நோயாளிகள் சம்மதிச்சதாலதான் அது நடந்தது. தெரிஞ்சு சம்மதிக்கணும், அவ்வளவுதான்.

அதனால் யார் படிவம் நீட்டினாலும் நாலு கேள்வி கேளுங்க. நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா? இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? எனக்கு ஏதாவது ஆனா யார் பார்ப்பாங்க? வேண்டாம்னா என் வைத்தியம் நிக்குமா? படிக்கத் தெரியாதவங்களுக்கு, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால முழுசாப் படிச்சுக் காட்டணும். அப்புறம்தான் கைநாட்டு. படிவத்தின் ஒரு நகலும் கேட்டு வாங்கிக்கோங்க.

ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு ஒரு வார்த்தை. ஆளைக் கூட்டிட்டுப் போகலாம். அவங்களுக்காக நாம "சரி" சொல்லக் கூடாது. அடுத்த மாசக் கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும்னு கேட்டுக்கிறேன். எங்க ஊர்க் குழுவில் எழுதிட்டோம். முதல் கையெழுத்து அந்தப் பெரியம்மாவோடது; அறிவொளியில் கத்துக்கிட்டது.