கருவியும் மரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையிலே கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசிச் சென்றிருக்கின்றனர். அவர்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு உளியையும் இழைப்புளியையும் பற்றிப் பேசுவதற்கு எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் செயலாளர் அவர்கள், "நூலக அலமாரியின் கதையை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், அது போதும்" என்று கட்டளையிட்டு விட்டார்கள். சொல்ல வேண்டிய கடமையும் எங்களுக்கு உண்டு. ஏனெனில் அந்த அலமாரிக்குச் செலவானது உங்கள் பணம்.

நாங்கள் என்று சொல்வது இக்காலனியிலுள்ள ஏழு பேரை. எங்களில் ஒருவரும் தச்சர் குலத்தில் பிறந்தவர் அல்லர்; ஒருவரும் தொழிலாக இதனைக் கற்றவரும் அல்லர். பகலெல்லாம் பேரேட்டையும் கோப்பையும் புரட்டுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவிலே ஒரு பலகையைப் போட்டு, மரத்தை அறுத்தும் இழைத்தும் பார்ப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. முதலில் ஒருவர் குழந்தைக்கு ஒரு நடைவண்டி செய்தார். அதைக் கண்டு மற்றொருவர் அஞ்சறைப்பெட்டி ஒன்று செய்தார். இவ்வாறு பற்றிக்கொண்டது இந்த ஆசை.

ஆசை என்று சொன்னோம். அது மரத்தின்மீது வந்த ஆசையா, கருவிகளின்மீது வந்த ஆசையா என்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். கைபேசியைத் திறந்தால் விதவிதமான கருவிகள் கண்ணைப் பறிக்கின்றன. இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய வாள், மின்சாரத் துளைப்பான், வட்ட வாள், பலவகைக் கவ்விகள். இரவிலே பணம் கட்டினால் இரண்டொரு நாளிலே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. ஓராண்டின் முடிவில் எங்களுள் ஒருவரிடம் பதினொரு உளிகள் இருந்தன. அவர் செய்து முடித்த பொருளோ ஒரு முக்காலி. அந்த முக்காலியும் ஆடும். அவருடைய இல்லத்தரசியார், "இந்த உளிகளை விற்றால் முக்காலி என்ன, நாற்காலியே வாங்கலாமே" என்று சொன்னது காலனி முழுவதும் பரவிவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கருவி வாங்குவது வேறு, கைத்திறன் பெறுவது வேறு. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் பல வேண்டும்.

ஆகவே இப்பொழுதுபோக்கிலே இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு முதலில் ஒரு சிறிய பட்டியல் தருகிறோம். நல்ல ரம்பம் ஒன்று. கால், அரை, முக்கால் அங்குல அகலத்தில் உளிகள் மூன்று. மரக் கொட்டாப்புளி ஒன்று. மூலைமட்டம் ஒன்று. இழைப்புளி ஒன்று. சாணைக்கல் ஒன்று. கவ்விகள் நான்கு. இவற்றைக் கொண்டு பெட்டியும் செய்யலாம், மேசையும் செய்யலாம்.

இன்று கடைகளில் கிடைக்கும் இரும்பு இழைப்புளியின் அமைப்பு, லியனார்டு பெய்லி என்ற அமெரிக்கர் கண்டது. அவருடைய காப்புரிமைகளை 1869-ஆம் ஆண்டில் ஸ்டான்லி நிறுவனத்தார் வாங்கினர். அவர்கள் இட்ட எண் வரிசைதான் இன்றும் வழங்குகிறது. ஏறக்குறைய 9 அங்குல நீளமுள்ள 4-ஆம் எண் இழைப்புளி வழவழப்பாக்குவதற்கு. 14 அங்குலமுள்ள 5-ஆம் எண் மேடுபள்ளம் நீக்குவதற்கு. நம் நாட்டிலேயே ஜாலந்தர் நகரம் கைக்கருவி செய்வதில் பேர்பெற்றது. அங்கிருந்து வரும் கருவிகள் சற்றுக் கரடுமுரடாக இருக்கலாம். அடிப்பாகத்தைத் தேய்த்து மட்டமாக்கி, அலகைத் தீட்டிக்கொண்டால் நன்றாகவே உழைக்கின்றன. கபாடிக் கடைகளிலே துருப்பிடித்துக் கிடக்கும் பழைய உளிகளையும் இகழ வேண்டா. எங்களிடமுள்ள மிகச் சிறந்த உளி, பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கியதுதான்.

எந்தக் கருவியானாலும் தீட்டத் தெரியாதவன் கையில் அது வெறும் இரும்பு. உளியை 25 பாகைச் சரிவிலே சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் கல்லிலே தீட்டுவது வழக்கம். மென்மையான மரத்துண்டு ஒன்றின் வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் பளபளவென்று சீவினால் உளி கூர்மையாயிருக்கிறது என்று பொருள். மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். கூரிய உளி சொன்ன இடத்திலே நிற்கும்.

இனி மரத்தைப் பற்றிச் சொல்வோம். நாம் வாழும் இந்த நாகபுரி, மர விஷயத்தில் பாக்கியம் செய்த ஊர். தெற்கே நாம் ஊருக்குப் போகும் வழியிலே பல்லார்ஷா நிலையம் வருகிறதல்லவா? அதனைச் சுற்றிய சந்திரபூர் மாவட்டத்துக் காடுகளும், அப்பாலுள்ள ஆலாப்பள்ளிக் காடுகளும் தேக்குக்குப் பேர்போனவை. 2023-ஆம் ஆண்டில் டில்லியில் திறக்கப்பெற்ற புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு நாகபுரியிலிருந்துதான் தேக்கு சென்றது. அதே ஆண்டில் அயோத்திக் கோயிலின் கதவுகளுக்கு வேண்டிய தேக்கும் பல்லார்ஷாவிலிருந்து அனுப்பப்பெற்றது.

நம் ஊரின் மரச் சந்தை லக்கட்கஞ்ச். அங்கே சென்றால் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். அவர்கள் சாக்வான் என்பது நம் தேக்கு. பீஜா என்பது நம் வேங்கை. சிவண் என்பது குமிழ். ஹல்து என்பது மஞ்சக்கடம்பு. பபூல் என்பது கருவேலம். இந்தப் பெயர்களை எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். சாக்வான் தெரிகிறது, தேக்கு தெரியவில்லை. ஆங்கிலத்தில் டீக் என்கிறார்கள். தமிழும் மலையாளமும் பொதுவாக வழங்கும் அச்சொல்லே போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றது என்பதை அறிந்தபோது அவர்கள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டோம். அன்றுமுதல் பட்டறையிலே மரத்தின் பெயரைத் தமிழில் சொல்லுகிறவனுக்கே இழைப்புளி கையில் கொடுக்கப்படும் என்று ஒரு சட்டம் செய்திருக்கிறோம்.

மரத்தின் உள்ளே இருக்கும் வைரத்தைத் தொல்காப்பியர் காழ் என்று குறிப்பிடுகிறார். உள்ளே காழுடையது மரம், புறத்தே காழுடையது புல் என்று மரபியலிலே வகுத்திருக்கிறார். அதனால்தான் பனையும் மூங்கிலும் அவர் கணக்கிலே புல்லினத்தைச் சேர்ந்தன. தேக்கு வாங்குகிறவன் தேட வேண்டியது இந்தக் காழைத்தான். பொன்னிறம் கலந்த பழுப்பாக இருக்கும் வைரப்பகுதியிலே இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது. ஓரத்திலுள்ள வெண்ணிறப் பகுதிக்கு அந்த வலிமை இல்லை. அதன்மேல் சாயம் பூசி வைரம்போல் காட்டி எங்களிடம் ஒருமுறை விற்றுவிட்டார்கள். இப்போது பலகையின் வெட்டுமுகத்தைச் சிறிது சீவிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

அளவிலும் விழிப்பு வேண்டும். அறுத்த மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 7 அடி நீளம், 8 அங்குல அகலம், 1½ அங்குலக் கனம் என்று ஒரு பலகை வாங்கினோம், 0.58 கன அடி என்று பணம் கொடுத்தோம். வீட்டிலே அளந்தபோது கனம் 1¼ அங்குலமே இருந்தது. அதாவது அரைக் கன அடிக்கும் குறைவு. முழு மரத்துண்டாக வாங்கினால் கணக்கு வேறு. சுற்றளவில் நான்கில் ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள மரம் இம்முறையில் 10 கன அடி. உண்மையான உருளைக் கணக்கிலோ 12¾ கன அடிக்குச் சற்றுக் குறையும். பட்டைக்கும் அறுப்பிலே போகும் கழிவுக்கும் அந்த வித்தியாசம் ஈடு. கடையிலே ரசீதையும், வேண்டிய இடத்தில் வனத்துறையின் போக்குவரத்துச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். திருட்டு மரத்தில் செய்த பெட்டியிலே எதை வைத்தாலும் மனம் நிம்மதியாயிராது.

இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கும் நல்லதே. காற்றும் வெயிலும் பல்லாண்டு பட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் சுருங்கி முடிந்திருக்கும். உள்ளே புதைந்திருக்கும் ஆணிதான் பகை. காந்தம் ஒன்றை மரத்தின்மேல் ஓட்டிப் பார்த்த பிறகே இழைப்புளியை வையுங்கள்.

இப்போது அலமாரியின் கதைக்கு வருகிறோம். சங்க நூலகத்துக்குப் புத்தக அலமாரி வேண்டும் என்று பொதுக்குழுவிலே பேச்சு வந்தது. "கடையில் வாங்குவானேன்? நாங்களே செய்து தருகிறோம்" என்று எழுந்து நின்றோம். நீங்களும் நம்பி, மரத்துக்குப் பணம் கொடுத்தீர்கள். அது ஆவணி மாதம், அடைமழைக் காலம். ஒரு கடையில் அறுத்துச் சில நாளே ஆன தேக்கை, "காய்ந்த சரக்கு" என்று சொன்ன சொல்லை நம்பி வாங்கினோம். கையால் தூக்கிப் பார்த்தபோதே அதன் கனம் எச்சரித்தது. அவசரம் எங்கள் காதை அடைத்துவிட்டது. கதவுச் சட்டங்களுக்குள்ளே 15 அங்குல அகலமுள்ள பலகைகளைப் பசையிட்டு இறுக்கிப் பொருத்தினோம். பளபளவென்று மெருகும் ஏற்றினோம். திறப்பு விழாவிலே எங்களுக்கு மாலையும் போட்டீர்கள்.

வைகாசி வந்தது. நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் பிற்பகலில் நூலகத்திலே வேட்டுப் போட்டாற்போல் ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் இடக்கதவின் பலகை மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. ஒரு வாரத்தில் வலக்கதவும் அவ்வாறே ஆயிற்று. பிளவின் வழியே உள்ளிருந்த புத்தகங்கள் தெரிந்தன.

காரணம் இது. ஈர மரம் உலரும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கில் சுருங்குகிறது. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவது. அதுவே பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை, ஆண்டு வளையத்தின் போக்கிலே நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கும், வளையத்துக்குக் குறுக்கே 2½ பங்கும் சுருங்கும். சுருங்க விரும்பிய பலகையை நாங்கள் நான்கு புறமும் பசையிட்டுக் கட்டிப்போட்டோம். அது வேறு என்ன செய்யும்? வெடித்தது.

அடுத்த பொதுக்குழுவில் எங்களில் ஒருவர் எழுந்து, குற்றம் கடைக்காரருடையது என்று சொல்லத் தொடங்கினார். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார், "நாங்கள் பணத்தைக் கடைக்காரரிடமா கொடுத்தோம்? உங்களிடம் அல்லவா கொடுத்தோம்!" என்றார்கள். அதற்குமேல் சொல்ல எங்களிடம் சொல் இல்லை. பணத்தை ஏழு பங்காகப் பிரித்துச் சங்கத்துக்குத் திருப்பிக் கட்டினோம். அலமாரியை மீண்டும் செய்து தருவதாகவும் வாக்களித்தோம்.

இம்முறை பலகைகளை வாங்கியவுடன் கை வைக்கவில்லை. தரையிலிருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை இடையே ஒரே அளவான சிறு குச்சிகளை வைத்து அடுக்கி, நிழலிலே காற்றோட்டமாக விட்டோம். மாதந்தோறும் ஒரே பலகையை நிறுத்து எடையைக் குறித்து வந்தோம். எடை குறைவது நின்ற பிறகே இழைத்தோம். தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டுவதற்கு இடையூறு என்பதால் இழைத்த அன்றே பசையிட்டோம். கழுந்தும் துளையும் இறுகப் பொருந்திய சட்டத்திலே பள்ளம் எடுத்து, கதவுப் பலகையைப் பசையின்றி அப்பள்ளத்துக்குள் விட்டோம். கோடையில் சுருங்கவும் மழையில் விரியவும் அதற்கு இப்போது இடம் உண்டு. இரண்டு வைகாசி கடந்துவிட்டது. கதவுகள் நலமாக இருக்கின்றன. விழா முடிந்ததும் நூலகத்துக்குச் சென்று நீங்களே திறந்து பாருங்கள்.

நிறைவாக ஒரு செய்தியும் ஒரு வேண்டுகோளும். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றுத் தஞ்சைப் பக்கம் சென்ற பெரியவர் ஒருவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முதல்நாள் எங்களை அழைத்தார். முப்பதாண்டுகளாகச் சேர்த்த தம் கருவிப் பெட்டியைத் திறந்து காட்டி, "பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். விற்றால் பழைய இரும்பு விலை கிடைக்கும். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டியிலேயே வைத்துவிடாதீர்கள்" என்றார். ஒவ்வோர் உளியிலும் எண்ணெய் பூசித் துணி சுற்றியிருந்தது.

அந்தப் பெட்டியை எங்களில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அதனோடு நாங்கள் ஏழு பேரும் எங்கள் கருவிகளிலே ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்திருக்கிறோம். பதினொரு உளிகளின் சொந்தக்காரர் எட்டைக் கொடுத்துவிட்டார். இனி, ஒரு கருவி வாங்கியவர் அதைக் கொண்டு ஒரு பொருளையாவது செய்து முடித்த பிறகே அடுத்ததை வாங்குவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். சங்கக் கட்டடத்தின் பின்னறையை ஞாயிறுதோறும் காலை நேரத்துக்கு எங்களுக்கு ஒதுக்கித் தந்தால், காலனிப் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற பேதமின்றி, கைக்கருவிகளைப் பழக்குவோம். மின்சார வாளைப் பெரியவர்கள் துணையின்றி அவர்கள் தொட விடமாட்டோம். மரத்தூளையும் அலட்சியம் செய்யமாட்டோம்; அது புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று உலக ஆராய்ச்சியாளர் குழு 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. முகமூடியின்றி யாரும் பட்டறைக்குள் வரக்கூடாது.

மாற்றல் உத்தரவு வந்தால் நாளைக்கே நம்மில் சிலர் வேறு ஊருக்குச் சென்றுவிடுவோம். வயது வந்தால் எல்லாரும் இந்தக் காலனியை விட்டுப் புறப்பட வேண்டியவர்களே. அலமாரி இங்கேயே இருக்கும். பெட்டியும் இங்கேயே இருக்க வேண்டும். அதைத் திறந்து பயன்படுத்தும் கைகளும் இங்கே இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பின்னறையின் சாவியைத் தலைவர் அவர்கள் மனமுவந்து தருவார்கள் என்று நம்புகிறோம். ஒருமுறை வெடித்த நம்பிக்கையைத் திரும்பவும் எங்களிடம் ஒப்படைத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.