இரண்டு லக்ஷ்மிகள்

(டில்லி லக்ஷ்மிபாய் நகரில், எழுதப் படிக்கக் கற்ற பெண்களிடையே ஆற்றிய உரை)



இப்போது நீங்களே ஊருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். விலாசத்தில் ‘லக்ஷ்மிபாய் நகர், புது டில்லி’ என்று எழுதுகிறீர்கள். அந்த லக்ஷ்மிபாய் யார்?

ஜான்சியின் ராணி. பிறந்த வீட்டில் வைத்த பெயர் மணிகர்ணிகா. கல்யாணம் ஆனதும் லக்ஷ்மிபாய் என்று மாற்றினார்கள். 1853ஆம் ஆண்டு கணவர் இறந்தார். பெற்ற பிள்ளை முன்பே இறந்துவிட்டது. தத்துப் பிள்ளை இருந்தான். “தத்துப் பிள்ளை ராஜ்யத்துக்கு வாரிசு ஆக முடியாது” என்றார்கள் ஆங்கிலேயர்கள். 1854இல் ஜான்சியை எடுத்துக்கொண்டார்கள். ராணி பிறகு வாள் எடுத்துப் போரிட்டார். 1858இல் குவாலியரில் உயிர் விட்டார்.

இன்றைய பேச்சு இன்னொரு லக்ஷ்மியைப் பற்றியது. அவர் பெயர் விஜயலக்ஷ்மி பண்டிட். அவருக்கும் கல்யாணத்தின்போதுதான் லக்ஷ்மி என்ற பெயர் வந்தது. அவரும் கணவரை இழந்தார். அவரிடமும் “ஆண் வாரிசு இல்லையே” என்றார்கள். அவர் என்ன செய்தார்? கேளுங்கள்.

பிறந்த வீடு

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தார். அந்த ஊருக்கு இன்று பிரயாக்ராஜ் என்று பெயர். அப்பா மோதிலால் நேரு பெரிய வக்கீல். அண்ணன் ஜவஹர்லால் நேரு. இவருக்கு வைத்த பெயர் சொரூப் குமாரி.

வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. அண்ணனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பெண்ணுக்கோ வீட்டிலேயே பாடம். அவர் கல்லூரிக்குப் போகவில்லை. பட்டம் வாங்கவில்லை. ஆனாலும் படிப்பதை விடவில்லை.

1921இல் ரஞ்சித் பண்டிட் என்ற வக்கீலை மணந்தார். அவர் சமஸ்கிருதம் நன்கு கற்றவர். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

சிறையும் மந்திரி பதவியும்

அது விடுதலைப் போராட்டக் காலம். கணவனும் மனைவியும் போராட்டத்தில் இறங்கினார்கள். விஜயலக்ஷ்மி மூன்று முறை சிறை சென்றார். குழந்தைகளைப் பிரிந்து கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார்.

1937இல் ஐக்கிய மாகாணத்தில் தேர்தல் நடந்தது. இன்றைய உத்தரப் பிரதேசம்தான் அது. அவர் போட்டியிட்டு ஜெயித்தார். மந்திரியும் ஆனார். இந்தியாவில் மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். பக்கத்துக் கித்வாய் நகருக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கித்வாயும் அதே மந்திரி சபையில் இருந்தார்.

அவருக்குக் கிடைத்த துறைகள் உள்ளாட்சியும் பொது சுகாதாரமும். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய்த் தடுப்பு எல்லாம் இந்தத் துறைகளில்தான் வரும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் கஷ்டப்படுவது யார்? பெண்கள்தானே. அந்த வேலை ஒரு பெண்ணின் கைக்கு வந்தது.

1939இல் உலகப் போர் வந்தது. இந்தியர்களைக் கேட்காமலே ஆங்கில அரசு இந்தியாவைப் போரில் சேர்த்தது. அதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிகள் பதவி விலகினார்கள். அவரும் விலகினார்.

கணவர் போன பிறகு

சிறையில் இருந்த ரஞ்சித் பண்டிட்டின் உடல் கெட்டுப்போனது. விடுதலை ஆன பிறகும் தேறவில்லை. 1944 ஜனவரியில் காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை.

விஜயலக்ஷ்மிக்கு வயது 43. மூன்று மகள்கள். மகன் இல்லை. மகன் இல்லாத விதவைக்குக் கணவர் குடும்பச் சொத்தில் பங்கு கிடைக்காத நிலை அன்று இருந்தது. அவருக்கும் மகள்களுக்கும் சொத்து கை சேரவில்லை.

யோசித்துப் பாருங்கள். அவர் பெரிய வீட்டுப் பெண். மந்திரியாக இருந்தவர். அவருக்கே இந்தக் கதி. அப்படியானால் கூலி வேலை செய்யும் பெண்ணின் நிலை என்ன?

அவர் வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போனார். ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார். “இந்தியாவுக்கு விடுதலை வேண்டும்” என்று சொன்னார்.

உலக சபையில்

ஐக்கிய நாடுகள் சபை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உலக நாடுகள் கூடிப் பேசும் சபை அது. அதை அமைக்க 1945இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் மாநாடு நடந்தது. இந்தியாவின் சார்பில் உள்ளே உட்கார்ந்தவர்களை ஆங்கில அரசு தேர்ந்தெடுத்திருந்தது. விஜயலக்ஷ்மிக்கு உள்ளே நாற்காலி இல்லை. அவர் வெளியே கூட்டங்களில் பேசினார். பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1946இல் இந்தியக் குழுவின் தலைவியாக அதே சபைக்குள் போனார்.

அப்போது தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்குப் பெரும் கொடுமை நடந்தது. 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அவர்களுக்காகச் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதிலேயே உயிர் விட்டவள்தான் தில்லையாடி வள்ளியம்மை. 1946இல் அங்கே ஒரு புதிய சட்டம் வந்தது. இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று அது கோடு போட்டது.

விஜயலக்ஷ்மி சபையில் எழுந்து நியாயம் கேட்டார். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் எதிர்த்தார். இது எங்கள் நாட்டு உள் விவகாரம், மற்றவர்கள் தலையிடக் கூடாது என்பது அவர் வாதம்.

இந்த வாதம் உங்களுக்குப் பழக்கமானதுதான். பக்கத்து வீட்டில் பெண்ணை அடிக்கிறான். ஏன் என்று கேட்டால், “எங்க வீட்டு விஷயம், உனக்கென்ன?” என்பான். கொடுமை நடந்தால் அது ஊர் விஷயம். விஜயலக்ஷ்மியும் அதைத்தான் சொன்னார். மனிதரை நிறம் பார்த்து ஒதுக்குவது உலகமே கேட்க வேண்டிய விஷயம் என்றார்.

ஓட்டு எடுத்தார்கள். இந்தியாவின் பக்கம் 32 நாடுகள். எதிராக 15 நாடுகள். ஏழு நாடுகள் எந்தப் பக்கமும் சேரவில்லை. இந்தியா ஜெயித்தது. உடனே கொடுமை ஒழிந்துவிடவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் கேள்வி எழுந்துவிட்டது. பிறகு யாராலும் அதை அமுக்க முடியவில்லை.

நாடு விடுதலை பெற்றதும் அவர் தூதரானார். தூதர் என்றால் வேறு நாட்டில் இருந்து தன் நாட்டுக்காகப் பேசுகிறவர். 1947இல் ரஷ்யாவுக்குப் போனார். 1949இல் அமெரிக்காவுக்குப் போனார். 1954 முதல் 1961 வரை இங்கிலாந்தில் இருந்தார். தன்னைச் சிறையில் வைத்த ஆட்சியின் தலைநகரிலேயே சுதந்திர இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார்.

இதற்கு நடுவில் 1953இல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1945இல் உள்ளே நாற்காலி இல்லை. எட்டே ஆண்டில் தலைமை நாற்காலி. 2025 வரை கணக்குப் பார்த்தாலும் அந்த நாற்காலியில் அமர்ந்த பெண்கள் ஐந்தே பேர்தான்.

உறவு வேறு, நியாயம் வேறு

“அண்ணன் பிரதமர், அதனால் பதவி கிடைத்தது” என்று பேசியவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. குடும்பம் கதவைத் திறந்தது. ஆனால் உள்ளே போய்ப் பேசி ஜெயித்தது அவருடைய திறமை.

1975இல் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையில் போட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வைத்தார்கள். அப்போது பிரதமர் இந்திரா காந்தி. விஜயலக்ஷ்மியின் அண்ணன் மகள். 1977 தேர்தலில், 76 வயதில், விஜயலக்ஷ்மி அந்த ஆட்சியை எதிர்த்து மேடை ஏறிப் பேசினார். சொந்தம் என்று பார்த்து வாயை மூடிக்கொள்ளவில்லை.

1990ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி டேராடூனில் காலமானார்.

உங்கள் பங்கு என்ன?

அவருக்குச் சொத்து கிடைக்காத அந்த நிலை இன்று இல்லை. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் இல்லாமல் கணவர் இறந்தால் அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், கணவரின் தாய் எல்லோருக்கும் பங்கு உண்டு. 2005இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பூர்வீகச் சொத்திலும் மகனுக்குச் சமமான உரிமை மகளுக்கு உண்டு.

ஆனால் சட்டம் காகிதத்தில் இருக்கிறது. காகிதம் யாருக்குப் பயன்படும்? படிக்கத் தெரிந்தவருக்குத்தான்.

“இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று அண்ணனோ மாமனாரோ ஒரு தாளை நீட்டலாம். முன்பு கைநாட்டு வைத்தீர்கள். இன்று உங்களுக்கு எழுத்துத் தெரியும். தாளை வாங்குங்கள். விரலை வைத்து வரி வரியாகப் படியுங்கள். ‘விடுதலைப் பத்திரம்’ என்று போட்டிருந்தால் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். புரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள். புரிந்த பிறகு, மனம் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

ஒரு லக்ஷ்மி வாளால் கேட்டார். இன்னொரு லக்ஷ்மி வாயால் கேட்டார். உங்கள் கையில் பேனா இருக்கிறது.