மெதுவாகப் பறப்பது எப்படி, அதைச் சோதிப்பது எப்படி?

(நமது சங்கத்தின் பொங்கல் விழா மாலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சின்ன விமானங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு விமானத்தை மெதுவாகப் பறக்க வைக்க இறக்கையில் மாற்றம் செய்கிறோம். அது பலன் தந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் ஸ்லோ சைக்கிள் போட்டி பார்த்தீர்கள். வேகமாக மிதிப்பது எல்லோருக்கும் வரும். மெதுவாகப் போகும்போதுதான் ஹேண்டில்பார் ஆடும். கால் ஊன்றினால் அவுட். விமானத்துக்கு ஊன்றக் காலே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதற்காக மெதுவாகப் பறக்க வேண்டும்? சரியான ஓடுபாதை இல்லாத இடங்களில் இறங்குவதற்காக. அலாஸ்காவிலும் கனடாவிலும் ஆற்று மணலிலும் புல்வெளியிலும் இறங்கும் சிறு விமானங்களை 'புஷ் பிளேன்' என்பார்கள். நம் நாட்டிலும் அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு 2022 ஏப்ரல் 12 அன்று, இந்தியாவில் தயாரான டோர்னியர் 228 தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. குறுகிய ஓடுபாதைக்கு ஏற்ற விமானம் அது.

நமக்கு மேலே நிற்கும் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே எடையைத் தாங்க விமானம் சுமார் 11 சதவீதம் கூடுதல் வேகத்தில் போக வேண்டும். தரையில் ஓடி நிற்கும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். மலையில் சமதளம் கிடைப்பதே அரிது. அங்கே போய் ஓடுபாதையும் நீளமாக வேண்டும் என்றால் எங்கே போவது?

சரி, இறக்கைக்கு வருவோம். வேகம் குறையக் குறைய, தாங்கும் விசையைக் காப்பாற்ற விமானி மூக்கைத் தூக்குகிறார். காற்று இறக்கையில் மோதும் கோணம் கூடுகிறது. சாதாரண இறக்கையில் அது 15 பாகையை ஒட்டி வரும்போது, மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. தாங்கும் விசை சட்டென்று சரிகிறது. இதைத்தான் 'ஸ்டால்' என்கிறோம். என்ஜின் நின்றுபோவது என்று சிலர் நினைப்பார்கள். அது வேறு. இங்கே கைவிடுவது இறக்கை.

நம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காகம் வந்து உட்காருவதைக் கவனியுங்கள். கடைசி நொடியில் இறக்கையின் முன் ஓரத்தில், நம் கட்டைவிரல் இருக்கும் இடத்தில், சிறு இறகுக் கொத்து ஒன்று தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளி வழியாகப் பாயும் காற்று, பிய்த்துக்கொள்ளப் போகும் காற்றை மேற்பரப்போடு இழுத்து வைக்கிறது. இதையே மனிதனும் கண்டுபிடித்தான். ஜெர்மானிய விமானி குஸ்டாவ் லக்மான் 1917இல் ஸ்டால் ஆகி விழுந்தார். ஆஸ்பத்திரியில் படுத்தபடி யோசித்ததில் உருவானது இறக்கையின் முன் ஓரப் பிளவு. இங்கிலாந்தில் ஹேண்ட்லி பேஜ் தனியாக அதே முடிவுக்கு வந்து, 1920இல் பறந்து காட்டினார். 1936இல் முதலில் பறந்த ஃபீஸலர் ஸ்டோர்ச் விமானத்துக்கு இறக்கை முழுவதும் இந்தப் பிளவு உண்டு.

இன்னொரு வழி, வோர்டெக்ஸ் ஜெனரேட்டர். விரல் நகம் அளவு தகடுகளை இறக்கையின் முன்பகுதியில் வரிசையாக ஒட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு சுழலை உண்டாக்கி, மேலே ஓடும் வேகக் காற்றைக் கீழே கலந்துவிடும். ஸ்டால் வேகம் 80 கிலோமீட்டரிலிருந்து 72 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இறங்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இங்கேதான் சோதனை வருகிறது. தகட்டை ஒட்டிவிட்டுப் பறந்து பார்த்து, "மீட்டர் குறைவாகக் காட்டியது, வெற்றி" என்று சொல்லிவிட முடியாது.

முதலாவது, மூக்கு தூக்கிய நிலையில் வேகமானியையே நம்ப முடியாது. காற்றை வாங்கும் பிட்டோ குழாய்க்குள் காற்று சாய்வாக நுழைவதால், பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் பல திசைகளில் பறந்து, ஜி.பி.எஸ். வேகங்களை வைத்துக் காற்றின் பங்கைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, எடையும் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதி டேங்க் பெட்ரோலோடு பறந்ததை முழு டேங்க்கோடு ஒப்பிட்டால் அது கணக்கே இல்லை.

மூன்றாவது, வேகத்தை நொடிக்கு ஒரு நாட் வீதம் நிதானமாகக் குறைக்க வேண்டும். இறக்கை மேல் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிக் கேமராவில் பார்ப்பார்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. நூல் துள்ளினால் அங்கே பிய்ந்துவிட்டது.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைவிட, எப்படிக் கைவிடுகிறது என்று பார்க்க வேண்டும். இறக்கையின் அடிப்பகுதி முதலில் கைவிட்டால் விமானம் குலுங்கி எச்சரிக்கும்; நுனியில் இருக்கும் எய்லரான் இன்னும் சொன்னபடி கேட்கும். ஒரு பக்க நுனி முதலில் கைவிட்டால் அந்தப் பக்கம் சாய்ந்து சுழலத் தொடங்கும். ஸ்டால் வேகம் 5 கிலோமீட்டர் குறைந்து, எச்சரிக்கையும் போய்விட்டால் அந்த மாற்றம் நஷ்டம்தான்.

இவை அனைத்தையும் நல்ல உயரத்தில்தான் செய்ய வேண்டும். உயரம்தான் சோதனை விமானியின் சேமிப்பு. 2009 மார்ச் 6 அன்று நமது 'சரஸ்' சோதனை விமானம் பெங்களூருக்கு அருகே பிடதியில் விழுந்தது. விங் கமாண்டர்கள் பிரவீன் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா மூவரும் இறந்தார்கள். அது இறக்கைச் சோதனை அல்ல, நிறுத்திய என்ஜினைப் பறக்கும்போதே மறுபடி இயக்கும் சோதனை. அதற்கு வகுத்த செயல்முறை தவறு, உயரமும் போதவில்லை என்று விசாரணை சொன்னது. சோதனையின் திட்டமே சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு மூன்று உயிர் விலை.

அதே தேசிய விண்வெளி ஆய்வகத்தின் இரண்டு இருக்கை ஹன்சா புதிய தலைமுறை விமானம் 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்தது. 2022 பிப்ரவரி 19 முதல் மார்ச் 5 வரை நம் பக்கத்துப் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனை. கையாளும் தன்மை, ஏறும் திறன், இறங்க வந்து மறுபடி எழும்புவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிறகு மே 17 அன்று சள்ளகெரேயில் 7,000 முதல் 8,000 அடி உயரத்தில், என்ஜினை நிறுத்தி மறுபடி இயக்கியும் காட்டினார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பட்டம் விடும்போது வாலை நீட்டிப் பாருங்கள், சூத்திரக் கயிற்றை மாற்றிக் கட்டிப் பாருங்கள். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். என்ன செய்தோம், என்ன ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், பட்டம் நன்றாகப் பறந்தாலும் எதனால் பறந்தது என்று உங்களுக்குத் தெரியாது.