ஒண்ணுமில்லைன்னு சொன்னதுதான் தப்பு

(நமது கூட்டமைப்பின் மகாசபைக் கூட்டத்தில், முத்துப்பேட்டைக் கரையோர மீனவ மகளிர் குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



படகு வாங்கி எவ்வளவு லாபம் பார்த்தீங்கன்னு பேசச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டாங்க. லாபக் கணக்கு ஆண்டறிக்கையில் இருக்கு, படிச்சுக்கலாம். நாங்க இன்னிக்கு, தலை குனிஞ்சு நின்ன ஒரு நாளைப் பத்திச் சொல்றோம். அதுதான் உங்களுக்கு உதவும்னு எங்களுக்குத் தோணுது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடிச்சது உங்க எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்க பக்கத்தில் படகும் போச்சு, வலையும் போச்சு, அலையாத்திக் காடும் மொட்டையாச்சு. அதுக்குப் பிறகு எங்க குழு கடன் வாங்கி, பழைய பைபர் படகு ஒண்ணும், அவுட்போர்டு இன்ஜின் ஒண்ணும் வாங்கினோம். மீன்பிடிக்க வாடகைக்கு விட்டு, வர்ற பணத்துல தவணை கட்டுறோம்.

கணக்குப் பதிவேடு பயிற்சிக்குப் போனப்போ, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக் குழு எங்களுக்குத் தோழிகளா ஆனாங்க. அறுவடைக்கு எங்களைக் கூப்பிட்டு, ரெண்டு நாள் வச்சு விருந்து போட்டாங்க. பதிலுக்கு நாங்களும் கூப்பிட வேணாமா? "வாங்க, படகுல ஏத்தி லகூன் காட்டுறோம்"னு சொன்னோம். வனத்துறையில் அனுமதி வாங்கினோம். மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தாங்க.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காம சொல்லணும். அதுக்கு முந்தின வாரமே இன்ஜின் சரியில்லை. ஓடும்போது அதுக்குப் பின்னாடி பைப்பிலிருந்து தண்ணி பீச்சி அடிக்கணும். இன்ஜின் உள்ளே தண்ணி சுத்தி வந்து சூட்டைத் தணிக்குதுங்கிறதுக்கு அதுதான் அடையாளம். எங்க இன்ஜின்ல அது சொட்டுச் சொட்டா வந்தது. பழுது பார்க்கிற கடையில் கொடுத்தோம். புது இம்பெல்லர் போட்டாச்சுன்னு பில்லும் கொடுத்தாங்க. வாங்கி வந்தும் தண்ணி வேகமா வரலை. விருந்தாளி வர்ற நேரம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்.

புறப்பட்ட நேரம்

காலை ஒன்பதரைக்கு ஜாம்பவானோடைத் துறையிலிருந்து கோரையாறு வழியா கிளம்பினோம். அவங்க ஆறு பேர், நாங்க மூணு பேர், படகு ஓட்ட எங்க உறுப்பினர் ஒருத்தரோட தம்பி. பத்துப் பேருக்கும் மிதவைச் சட்டை இருந்தது. அந்த ஒண்ணை மட்டும் ஒழுங்கா செஞ்சிருந்தோம்.

வயல்காட்டு ஆளுங்களுக்கு எல்லாமே அதிசயம். சேத்துக்குள்ளேருந்து ஆணி ஆணியா நிக்கிற மூச்சு வேரைக் காட்டினோம். உப்புச் சேத்துக்குள்ள காத்து கிடையாது, அதனால வேரை மேலே நீட்டித்தான் மரம் மூச்சு விடுதுன்னு சொன்னோம். நாத்து நட்ட மாதிரி இருக்கேன்னு சிரிச்சாங்க. காவிரிக் கிளை ஆறு சிலது இங்கதான் வந்து கடல்ல சேருதுன்னதும் ஒரு அம்மா, "எங்க வயல்ல பாய்ஞ்ச மிச்சத் தண்ணியா இது!"ன்னு கையில் அள்ளிப் பார்த்தாங்க.

லகூனுக்குள்ள நுழைஞ்சதும் கிழிஞ்ச வலை ஒண்ணு காத்தாடியில் சுத்திக்கிச்சு. உள்ளே இருக்கிற சின்னப் பின் ஒடிஞ்சது. அது ஒடியத்தான் வேணும். அது ஒடியலைன்னா பல்சக்கரம் போயிடும். மாத்துப் பின் கையில் இருந்தது. வலையை அறுத்து, பின்னை மாத்தினோம். இருபது நிமிஷத்தில் வேலை முடிஞ்சது. நாங்க கெட்டிக்காரங்கன்னு தோழிங்க கைதட்டினாங்க. எங்களுக்கும் பெருமையாத்தான் இருந்தது.

பன்னிரண்டரை மணி

திரும்பும்போது தண்ணி பீச்சுறது சுத்தமா நின்னுபோச்சு. அப்படியே ஓட்டினா பிஸ்டன் இறுகி இன்ஜினே போயிடும். நிறுத்திட்டோம். என்னாச்சுன்னு கேட்டாங்க. "ஒண்ணுமில்லை, அஞ்சு நிமிஷம். அரை மணியில வீட்டுல சாப்பிடலாம்"னு சொன்னோம்.

அரை மணி கழிச்சுக் கேட்டாங்க. அப்பவும் "ஒண்ணுமில்லை"ன்னோம். வந்தவங்களைக் கூட்டிட்டு வந்து நடுத்தண்ணியில உட்கார வச்சுட்டோமேன்னு வெட்கம். போன்ல டவரும் இல்லை. கரையில நண்டுக் குழம்பு கொதிக்குது. படகுல இருந்தது குடிதண்ணியும் ஒரு டப்பா முறுக்கும் மட்டும்தான். முறுக்கும் தீர்ந்துபோச்சு.

ஒண்ணே கால் மணிக்கு, தண்ணியை அள்ளிப் பார்த்த அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பிச்சது. கை நடுங்குது, பேச்சு குழறுது. அவங்களுக்குச் சர்க்கரை வியாதி. அரை மணியில சாப்பாடுன்னு நாங்க சொன்னதை நம்பி, மாத்திரையைப் போட்டுட்டாங்க. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கிடும். கூட வந்த தோழிக்கு இது தெரிஞ்சிருந்தது. எங்களுக்குக் கொடுக்கன்னு கொண்டு வந்த அச்சு வெல்லப் பையைப் பிரிச்சு, வெல்லத்தை நுணுக்கித் தண்ணியில கரைச்சுக் கொடுத்தாங்க. கால் மணி நேரத்தில் அவங்க நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. அதுவரைக்கும் எங்க உயிர் எங்ககிட்ட இல்லை.

சகோதரிகளே, இதை மனசுல வச்சுக்கங்க. நினைவு இருக்கிறவங்களுக்குத்தான் வாய்வழியா இனிப்புத் தண்ணி கொடுக்கலாம். நினைவு தப்பினவங்க வாயில் எதையும் ஊத்தக் கூடாது. உடனே 108-க்குச் சொல்லணும்.

உண்மையைச் சொன்ன பிறகு

அதுக்கப்புறம்தான் எங்க ஊக்குநர் எழுந்து சொன்னாங்க: "அக்கா, இன்ஜின் போன வாரமே சரியில்லை. தெரிஞ்சேதான் உங்களை ஏத்தினோம். இப்ப ஓடாது. எங்களை மன்னிச்சுடுங்க."

திட்டுவாங்கன்னு நெனச்சோம். ஒருத்தர், "இதைக் காலையில சொல்லியிருந்தா கரையில உட்கார்ந்தே கதை பேசியிருப்போமே. சரி, நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. இன்னொரு தோழி அவங்க ஊர்ல டீசல் பம்ப்செட் பார்த்துக்கிறவங்க. "எங்க இன்ஜினுக்கும் சூடு தணியத் தண்ணி வேணும், காட்டுங்க"ன்னாங்க. தண்ணி இழுக்கிற ஓட்டையில் சேறு அடைச்சிருந்தது. குத்திச் சுத்தம் பண்ணினோம். அப்பவும் வரலை. கழட்டிப் பார்த்தா, ரப்பர் இம்பெல்லர்ல பாதி இறக்கை இல்லை. பழசு! பில்லுலதான் புதுசு.

மாத்துறதுக்கு வேற இல்லை. ஆனா தம்பி, அவர் அப்பா காலத்துப் பாயை வழக்கமாப் படகுல போட்டு வைப்பார். மதியத்துக்கு மேல எங்க பக்கம் கடல் காத்து கரையைப் பார்த்து அடிக்கும். ரெண்டு மணிக்குக் காத்து எழுந்ததும் பாயை ஏத்தினோம். லகூன்ல பல இடத்தில் இடுப்பளவு தண்ணி கூடக் கிடையாது. அதனால காத்து குறைஞ்ச இடத்தில் கழியை ஊன்றித் தள்ளினோம். ஆத்துக்குள்ள வந்த பிறகு கழிதான் முழுசும். தோழிங்களும் முறை வச்சுக் கழி பிடிச்சாங்க. நாலரை மணிக்குத் துறையைத் தொட்டோம். ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணி எல்லோரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அம்மாவுக்குத்தான் முதல்ல இலை போட்டோம்.

நாங்க மாத்திக்கிட்டது

மறுநாள் எட்டுப் பேர் பில்லோடயும் பழைய இம்பெல்லரோடயும் கடைக்குப் போனோம். சத்தம் போடலை. ரெண்டையும் மேசைமேல வச்சோம். காசு வாங்காம புதுசு மாட்டிக் கொடுத்தாங்க. இப்ப பழுதுக்குக் கொடுத்தா, கழட்டின பழைய சாமானைக் கையில வாங்காம பணம் கொடுக்கிறதில்லை.

தீர்மான நோட்டிலும் எழுதினோம். ஒவ்வொரு வாடகையிலும் ஒரு பங்கு பழுது நிதிக்கு. இம்பெல்லர், பின், ஸ்பார்க் பிளக் எப்பவும் ஒரு செட் படகுல இருக்கணும். பாயும் கழியும் இறக்கவே கூடாது. யார் ஏறினாலும் சாப்பாடு, இனிப்பு, தண்ணி கூட வரணும். ஏறும் முன்னாடியே உடம்புக்கு என்ன, மாத்திரை எப்போன்னு கேட்டுக்கணும். குழுவில் ரெண்டு பேர் இன்ஜின் வேலை கத்துக்கணும். கத்துக்கிட்டாங்க.

"பொம்பளைங்க படகு வச்சா இப்படித்தான்"னு ஊர்ல சிலர் பேசினாங்க. நம்ம கடற்படைப் பெண்கள் ஆறு பேர் 2017 செப்டம்பர் 10-ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி'ங்கிற பாய்மரப் படகுல கிளம்பி, உலகத்தைச் சுத்தி 2018 மே 21-ஆம் தேதி திரும்பினாங்க. 254 நாள். திரும்பி வரும் வழியில் அவங்க படகுக்கும் சுக்கான் பழுதாச்சு. மொரீஷியஸ்ல நிறுத்திச் சரி பண்ணிட்டுத்தான் வந்தாங்க. 2024-25-ல் அதே படகுல ரெண்டே பெண்கள் உலகத்தைச் சுத்தி வந்தாங்க. அதில் ஒருத்தர் நம்ம புதுச்சேரிப் பொண்ணு. பழுது யாருக்கும் வரும். அதை மறைக்கிறதுதான் ஆபத்து.

கடைசியா ஒண்ணு. அடுத்த மாசக் கூட்டத்தில் இந்தக் கதையைப் பேசிட்டிருந்தப்போ, எங்க உறுப்பினர் ஒருத்தர் அழுதுட்டாங்க. நாலு மாசமா கம்மலை அடகு வச்சும், கந்துவட்டிக்கு வாங்கியும் தவணை கட்டியிருக்காங்க. நாங்க கேட்டப்பெல்லாம் "ஒண்ணுமில்லை"ன்னுதான் சொல்லியிருக்காங்க. அன்னிக்கே உள்கடன் கொடுத்துக் கந்துவட்டியை அடைச்சோம். தவணையைச் சின்னதாக்கினோம். இப்ப கம்மல் காதுல இருக்கு. இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்காங்க.

உங்க குழுவிலும் யாராவது "ஒண்ணுமில்லை"ன்னு சொல்லிட்டு இருப்பாங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் இன்னொரு தடவை கேளுங்க.

மன்னார்குடித் தோழிங்க இந்த மாசியிலும் வர்றாங்க. அந்த அம்மாதான் முதல்ல பேர் கொடுத்திருக்காங்க. வெல்லம் அவங்க கொண்டு வர வேண்டாம், நாங்களே வாங்கி வச்சிருக்கோம்.