பட்டாளக் கட்டத்தில் கில்ட் கட்டலாமா?



ஸ்காட்லாந்தில் படிக்கும் பிள்ளைகளின் பட்டமளிப்புக்குப் போகிறவர்கள், அந்த ஊர் 'கில்ட்' கட்டிப் பார்க்க ஆசைப்படுவது சகஜம். தாராளமாகக் கட்டுங்கள். எந்தக் கட்டம் போட்ட துணி என்பதை மட்டும் தெரிந்து எடுங்கள்.

அந்தக் கட்டத்துக்கு 'டார்டன்' என்று பெயர். குடும்பங்களுக்கு இருப்பதுபோல் பட்டாளத்துக்கும் டார்டன் உண்டு. கருநீலம், பச்சை, கருப்பு கலந்தது 'பிளாக் வாட்ச்'. இதை யாரும் கட்டலாம். அதன்மேல் வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஓடினால் 'மெக்கன்சி'. மெக்லவுட் பிரபு திரட்டிய படையிலிருந்து வந்த கட்டம் அது. அந்தப் படை 1780-இல் சென்னையில் வந்திறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 10-இல், காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில், அதில் ஒரு பகுதி ஹைதர் அலி, திப்பு படைகளிடம் தோற்றது. பிடிபட்ட கேப்டன் டேவிட் பேர்ட் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் கிடந்தார்.

கட்டும் முறை சுலபம். முழு கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி. நம் ஒன்பது கஜம் புடவைக்கு ஒரு கஜம்தான் குறைவு. கொசுவம் பின்னால், தட்டைப் பகுதி முன்னால். தொப்புள் மட்டத்தில் கட்டினால் விளிம்பு முழங்காலைத் தொட வேண்டும். ஊக்கை மேல் மடிப்பில் மட்டும் குத்துங்கள். கம்பளி என்பதால் தாடிக்கொம்பு வெயிலுக்கு ஆகாது. ஒரு நாள் விசேஷத்துக்கு அங்கேயே வாடகைக்கு எடுப்பது சிக்கனம்.

படைப்பிரிவின் முத்திரையும் பதக்கமும் மட்டும் வேண்டாம். நம் ஊர் ராணுவ வீரர் வாங்கிய பதக்கத்தை வேறொருவர் குத்திக்கொண்டு திரிந்தால் நமக்குப் பொறுக்குமா? அவர்களுக்கும் அப்படித்தான்.