திணறிப் படிக்கிற பிள்ளை மக்கு இல்லை
(மணலியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித் தருகிற நாங்கள், இந்த வேலைக்கு எப்படி வந்தோம் என்று கேட்டீர்கள்.

எங்களில் யாரும் ஆசிரியர் பயிற்சி படித்தவர்கள் இல்லை. பன்னிரண்டாவது முடித்தவர்கள், கல்யாணத்தோடு காலேஜை விட்டவர்கள்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒன்றாவது முதல் எட்டாவது வரை 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தார்கள். பத்தொன்பது மாதம்! வீட்டில் இருப்பதோ ஒரே செல்போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்?

அந்த நேரத்தில், 2021 அக்டோபர் 27-ல், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. ஐந்தாவது வரை சொல்லித்தர பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும் என்றார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. சேர்ந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். நம்மாலும் முடியும்னு அப்போதுதான் தைரியம் வந்தது.

இது புதுசும் இல்லை. மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ அமைப்பு, அந்தந்தப் பகுதிப் பெண்களையே ‘பால்சகி’ என்று நியமித்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரம் பாடம் நடத்தியது. அதனால் பிள்ளைகள் முன்னேறியதை ஆராய்ந்து சொன்னவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள்.

நாங்கள் கற்றது இதுதான். எந்த வகுப்பு என்று பார்க்காதீர்கள், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எழுத்து தெரிகிறதா, சொல் படிக்கிறதா, பத்தி படிக்கிறதா, கதை படிக்கிறதா? ஐந்தாவது படிக்கிற பிள்ளை ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பில் தடுமாறினால், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கணக்கும் அப்படித்தான். 52-ல் 37 போனால் 25 என்று எழுதும் பிள்ளை, 7-ல் 2-ஐக் கழித்துவிடுகிறது. அதன் கையில் ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் காசும் கொடுங்கள். ‘37 ரூபாய் குடுடா’ என்று கேளுங்கள். ஒரு நோட்டுக்குச் சில்லறை மாற்றாமல் கொடுக்க முடியாது. மாற்றினால் பன்னிரண்டு காசு. கொடுத்தது போக மீதி 15. கடன் வாங்கிக் கழிப்பது அதற்கே புரிந்துவிடும். நம்ம குழுவில் தினமும் பார்க்கிற கணக்குதானே!

‘எனக்கே படிக்கத் தெரியாதே’ என்று சில அக்காக்கள் சொல்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘சத்தமா படி, என்ன கதைன்னு சொல்லு’ என்று கேளுங்கள். பிள்ளை எங்கே திணறுகிறது என்பது உங்கள் காதுக்கே தெரியும். மக்கு என்று மட்டும் திட்டாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை, தெரியாததைக் கேட்கவே பயப்படும். வாசிக்கத் தெரியாமலே ஆறாவது போகிற பிள்ளை, எட்டாவது ஒன்பதாவதில் நின்றுவிடும். நாளைக்கு பேங்க் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உட்கார ஓர் இடம், சொல்லித்தர ஓர் ஆள், அவருக்குக் குழு தருகிற சிறு தொகை. சும்மா செய்யச் சொன்னால் வேலை நிலைக்காது, சகோதரிகளே.